ஐந்தாம் மண்டலத்தில் ஓடாத படம்

அக்கா,

முந்தாநாள் காலை, ஆலங்காயம் பஸ் நிலையத்துக்கு எதிர் டீக்கடையில் மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தது. மலை பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒருவர், மேலே யாரோ சினிமா எடுக்க வந்திருக்கிறார்கள் என்று பெரிய செய்தி போலச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்களே வந்து படம் எடுத்துவிட்டுப் போன மலை அது, எங்கள் மாமாவின் குரல்கூட அந்தப் படத்தில் இருக்கிறது என்றேன்.

“மலமேல கீற உங்க மாமா இங்கிலீஷ் படத்துல நடிச்சாரா? இன்னா பெரியவரே, டீ இன்னும் கைக்கே வரல, அதுக்குள்ள இப்டி வுடறீங்க?”

“நடிக்கலய்யா. மாடு ஓட்டினு போனாரு. அத்த எடுத்தாங்க.”

“எங்க, காட்டுங்க பாப்போம்.”

காட்டிவிடலாம் என்றுதான் கைப்பேசியை எடுத்தேன். படத்தின் பெயரைத் தட்டித் தேடினேன். வந்தது. நம் மலையேதான், அக்கா. சாமைக் கொல்லை, அதற்குப் பின்னால் மரங்களுக்கு மேலே தொலைநோக்கிக் கட்டடத்தின் வெள்ளைக் குமிழ். அழுத்தினேன். படம் இருண்டது. நடுவில் ஒரு வரி வந்தது: இந்தக் காணொளி உங்கள் நாட்டில் கிடைக்காது.

“நம்ம மலைய எடுத்த படம் நம்ம நாட்ல கெடைக்காதா? நல்லா கீதே கத!” என்று டிரைவர் சிரித்தார். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் டீ குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

கோபம் அவர் மேல் இல்லை. அந்த வரி மேல்தான். அதே சேதியை இங்கிலீஷில், உங்கள் வீட்டில், அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில், உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். டிவிடி வட்டைச் சுற்றி நீங்கள் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தேன். அந்த மஞ்சள் வாசனை இன்னும் போகவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள், அது இருக்கிறது.

அதைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். சாகும்வரை அதை விடவில்லை. “இன்னாத்துக்குத் தம்பி பூட்டி வெச்சாங்க? நாம இன்னா பண்ணோம்?” எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்கிற பழக்கமும் எனக்கு இல்லை. இந்த இரண்டு நாளாகத் தேடித் தேடிப் படித்து இப்போது தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நீங்கள் என் கடைக்கு முதலில் வந்தது ரேடியோவைத் தூக்கிக்கொண்டு. வைத்துவிட்டுப் போங்கள், அடுத்த சந்தைக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றேன். “வெச்சிட்டுப் போனா வேற ஆளு ரேடியோவ மொதல்ல பாப்ப. நான் இங்கயே குந்திக்கிறேன்” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். நான் ஒருவரிடம் போய்த் தொழில் கற்றவன் இல்லை. பிரித்துப் பார்த்து, கெடுத்து, மறுபடி பிரித்துப் பார்த்துக் கற்றவன். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் எனக்குக் கை ஓடாது. உங்களை எழுந்து போகச் சொன்னேன். நீங்கள் எழவில்லை. மாலைக்குள் ரேடியோ பாடியது. உலகத்தில் என்னைவிடப் பிடிவாதமான ஓர் ஆள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அதனால் உங்கள் வீட்டுக்காரர் எனக்கு மாமா ஆனார்.

மாமா அதிகம் பேசமாட்டார். பேசினால் கதைதான். அந்த வெளிநாட்டுக்காரர்கள் வந்தபோது நான் மலையில் இல்லை. நீங்கள்தான் பிறகு சொன்னீர்கள். தொலைநோக்கியைப் பற்றிப் படம் எடுக்க வந்தவர்கள், அதன் அடியில் வாழும் மனிதர்களையும் எடுக்கலாம் என்று உங்கள் கொல்லைப் பக்கம் இறங்கி வந்திருக்கிறார்கள். மாமா செவலைக் காளையை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். எடுத்தார்கள். அவர்களில் ஒரு பெண்மணி உங்கள் வீட்டில் சாமைச்சோறு சாப்பிட்டுவிட்டு, படம் வந்ததும் அனுப்புகிறேன் என்று கைகாலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே அனுப்பவும் செய்தார். ஆனால் அது வந்து சேர்வதற்குள் மாமா காய்ச்சலில் போய்விட்டார்.

உங்களிடம் மாமாவின் போட்டோ ஒன்று இருந்தது, ஓட்டு அட்டையில். அதில் அவர் திருடனைப் போல இருக்கிறார் என்று நீங்கள் அதைக் கவிழ்த்தே வைத்திருப்பீர்கள். உங்களுக்கு முகம் ஒரு பொருட்டாக இல்லை. “மூஞ்சி மறக்கல தம்பி, கண்ண மூடினா வருது. கொரலுதான் போய்க்கினே கீது. நேத்து யோசிச்சிப் பாத்தேன், அவரு கொரலு எப்டி இருக்கும்னு. வேற யாரு கொரலோ வருது” என்று என் கடையில் வந்து சொன்னீர்கள். கையில் அந்தப் பார்சல். ஆலங்காயத்திலேயே பெரிய கம்பெனிப் பெட்டி ஒன்று, டிவிடி ஓடுவது, பார்த்து வாங்கினீர்கள். மட்டமானது வேண்டாம், அவர் குரலுக்கு நல்ல பெட்டியாக இருக்கட்டும் என்றீர்கள். நானே மடியில் வைத்துக்கொண்டு மலை பஸ்ஸில் வந்து மாட்டிக் கொடுத்தேன்.

வட்டை வைத்தோம். சுழன்றது. டிவியில் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் வந்தன: ராங் ரீஜியன். வேறு ஒன்றும் வரவில்லை.

“இன்னா எழுதிக்கீது?”

நான் அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் படித்தவன். ரீஜியன் என்றால் மண்டலம். மின்வாரியத்துக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் போனவர்கள் ரீஜியன் என்று இங்கிலீஷிலேயே சொல்லிவிட்டுப் போவார்கள். நான் அப்படிச் சொல்கிறவன் இல்லை. நல்ல தமிழில் சொன்னேன்: “மண்டலம் சரியில்லன்னு காட்டுதுக்கா.”

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். “சரி. அதுவும் ஞாயம்தான்” என்றீர்கள். என்ன ஞாயம் என்று எனக்குப் புரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வந்துவிட்டேன்.

வேலூரில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருந்தது. பெட்டியைப் பற்றிக் கேட்கப் போனேன். அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். வட்டில் ஒரு குறி இருக்கிறது, எந்த மண்டலத்துக்கானது என்று. பெட்டிக்குள் ஓர் எண் இருக்கிறது, எந்த மண்டலத்தில் விற்றது என்று. படம் தொடங்குவதற்கு முன்னால் பெட்டி இரண்டையும் ஒப்பிடும். ஒத்துப்போகவில்லை என்றால் ஓட்டாது. இந்த வட்டு ஒன்றாம் மண்டலம். நம்முடையது ஐந்து.

“சரிம்மா, ரிப்பேர் பண்ண முடியுமா?”

“ரிப்பேரே இல்லீங்க சார். பெட்டி நல்லா இருக்கு. அது இப்படித்தான் செய்யணும்.”

என் ஆயுசில் எத்தனையோ ரேடியோ, டிவி, டேப் பார்த்துவிட்டேன். எல்லாம் கெட்டுப்போய் என்னிடம் வந்தவை. கெட்டதைச் சரிசெய்யலாம். நன்றாக இருப்பதால் ஓடமாட்டேன் என்கிற ஒரு பொருளை அன்றுதான் பார்த்தேன். அந்த வட்டில் ஒரு குறையும் இல்லை. அது யாரிடம் வேண்டுமானாலும் படத்தைக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. பூட்டு இருந்தது நாம் துணி போட்டு மூடி, தூசி படாமல் வைத்திருந்த நம் பெட்டிக்குள்.

பஸ்ஸில் திரும்பும்போது கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் இன்னொரு பக்கம் வியப்பு தாங்கவில்லை அக்கா. யாரோ எங்கோ உட்கார்ந்து உலக வரைபடத்தை விரித்து வைத்து ஆறாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் நம் ஊரையும் விடவில்லை. மழை வந்தால் பஸ்காரர்கள் மலை ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார்கள். கரண்ட் போனால் ஆள் வர எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஜவ்வாது மலைச் சரிவில், சாமைக் கொல்லை ஓரத்தில் இருக்கும் உங்கள் ஓட்டு வீட்டுக்கு ஓர் எண் இருந்தது. அதை ஒரு பெட்டி தெரிந்து வைத்திருந்தது.

இதைச் சொல்வதற்காக மறுபடி மலை ஏறினேன். உங்கள் வீட்டுக்குள் நுழைந்தால், சாமி படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி சுற்றிய வட்டு. அதற்கு முன்னால் விளக்கு. நீங்கள் தலை முழுகி, ஈரம் காயாமல் நின்றீர்கள்.

“இன்னாக்கா இது?”

“நீதான சொன்ன, மண்டலம் சரியில்லன்னு. அவரு போயி இன்னும் ஒரு மண்டலங்கூட ஆவல, அதுக்குள்ள தொறந்துட்டோம். அதான் நாப்பத்தெட்டு நாளு கவுச்சி உட்டுட்டு வெளக்கு வெக்கிறேன்.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். “அக்கா, அது அந்த மண்டலம் இல்ல. இது எடம். அமெரிக்கா ஒரு மண்டலம், நாம ஒரு மண்டலம்.”

“எடம்னா எடம்னு சொல்லணும். மண்டலம்னு சொல்லிட்டு, இப்ப வந்து எடம்னா?”

“அகராதில அப்டித்தான் போட்டுக்கீது.”

“அகராதி போட்டவன் வெரதம் இருந்திருக்க மாட்டான்.”

அடுத்த வீட்டுப் பெண் வாசலில் நின்று சிரித்தாள். “அண்ணா, எங்க அத்த டிஸ்குக்கு மால போட்டுக்கினு கீது. ஊரே கோழி அடிக்கல, வாசன வரக்கூடாதாம். ஜல்தியா அந்தப் படத்த ஓட்டிட்டுப் போங்க, புண்ணியமாப் போவும்.”

என் மேல் தவறு இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். சொல் சரி. ஆனால் உங்களிடம் வாதாடி ஜெயிக்க முடியவில்லை. நடுவில் விட்டால் குறை என்று சொல்லிவிட்டீர்கள்.

அன்று பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் காத்திருந்தபோது நீங்கள் ஒரு கதை சொன்னீர்கள். கல்யாணமான புதிதில் மாமா உங்களைப் படம் பார்க்கக் கீழே கூட்டிக்கொண்டு வந்தார். டெண்ட் கொட்டகை. அந்தக் காலத்தில் ஒரே படப்பெட்டியை இரண்டு ஊர்க் கொட்டகைகள் வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். பக்கத்து ஊரில் ஓடி முடிந்த ரீலை ஒருவர் சைக்கிளில் கொண்டுவந்தால்தான் இங்கே மேற்கொண்டு ஓடும். இடைவேளைக்குப் பிறகு நீங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தீர்கள். சைக்கிள்காரர் வரவே இல்லை. எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். மலை ஏறும்போது மாமா மீதிக் கதையைத் தானே சொல்லிக்கொண்டு வந்தார். கதாநாயகி மலைக்காரப் பெண்ணாம், வில்லனை உலக்கையால் அடித்தாளாம்.

“அப்பால பத்து வருசம் கழிச்சி டிவில அந்தப் படம் வந்துச்சி. உலக்கையும் இல்ல ஒண்ணும் இல்ல. அழுதுக்கினே கீறா. அவரு சொன்னதுதான் நல்லா இருந்துச்சி” என்று சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, “அந்தக் கொரலுதான் தம்பி எனக்கு ஓணும்” என்றீர்கள். பஸ் வந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அதை விடவில்லை.

வாணியம்பாடியில் பழைய சாமான் வாங்கி விற்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் போய்ச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அரே, நீ பேரு பெத்த கம்பெனிப் பொட்டி வாங்கிக் கொடுத்துகீற. அது சட்டம் பேசும். பேரில்லாத பொட்டி ஒண்ணு எட்த்துனு போ. அதுக்கு அமெரிக்காவும் தெரியாது, ஆம்பூரும் தெரியாது. யாரு வந்தாலும் வா வாப்பான்னு சொல்லும்.”

கடையின் மூலையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தட்டிக் கொடுத்தார். முன்பக்கம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம். தட்டு வெளியே வரும்போது கிறீச்சென்று சத்தம். அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நான் மலைக்கு வந்த நாள்தான் உங்கள் மண்டலம் முடிந்த நாள். வேண்டுமென்று அப்படி வரவில்லை, அக்கா. அன்றுதான் எனக்கு ஒழிந்தது.

உங்கள் வீட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது. கற்பூரம் கொளுத்தி, வட்டைக் கண்ணில் ஒற்றி, முதலில் உங்கள் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்றீர்கள். விரதம் இருந்தது அதற்குத்தானாம். வைத்தேன். சுழன்றது. அதே இரண்டு வார்த்தைகள்.

நீங்கள் டிவியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னீர்கள்: “எங்கனா ஒரு நாளு தப்பா எண்ணிட்டனோ?”

பக்கத்து வீட்டுப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாக்கை அவிழ்த்து, கம்பியை மாற்றிச் செருகி, பேரில்லாத பெட்டியில் வட்டை வைத்தேன். கிறீச்சென்று உள்ளே போனது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டிவி முழுக்க வானம் விரிந்தது.

“பாத்தியா!” என்று என் முதுகில் ஓர் அறை விட்டீர்கள். “மண்டலம் முடிஞ்சிட்ச்சி!”

“பொட்டிக்கா! பொட்டி மாத்தினேன்!”

“உன் பொட்டி ஏன் நேத்து வரல? முந்தாநேத்து ஏன் வரல? மண்டலம் முடிஞ்ச அன்னிக்குத்தான வந்துச்சி?”

நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

படத்தில் முதலில் நட்சத்திரங்கள் வந்தன. பிறகு தொலைநோக்கி, பிறகு நம் மலை. பிறகு மாமா வந்தார். தோளில் துண்டு, கையில் கோல், பக்கத்தில் செவலை. ஊரே “ஓ” என்றது. நீங்கள் மட்டும் கையை உயர்த்தி அடக்கினீர்கள். மாமா வாயைத் திறந்தார். அதே நொடியில் பின்னணியில் கதை சொல்லும் இங்கிலீஷ்காரர் கனத்த குரலில் பேச ஆரம்பித்தார். மாமாவின் உதடு அசைகிறது. அந்தக் குரலுக்கு அடியில் ஏதோ முனகல் போலக் கேட்கிறது. அவ்வளவுதான். காளை போய்விட்டது, மாமாவும் போய்விட்டார்.

“அந்த வெள்ளக்காரன வாய மூடச் சொல்லுடா!”

திருப்பிப் போட்டேன். மறுபடியும் அவர் குரலே மாமாவை மூடிவிட்டது. டிவியில் காதை வைத்துக் கேட்டீர்கள். மறுபடி. இத்தனைக்கும் பிறகு, பூட்டைத் திறந்த பிறகு, குரல் இன்னொருவர் குரலுக்கு அடியில் அகப்பட்டுக் கிடக்கிறது. அப்போதுதான் ரிமோட்டில் மொழி மாற்றும் பொத்தான் கண்ணில் பட்டது. அழுத்தினேன். வேறு ஓர் ஆள், வேறு ஒரு மொழி. அவரும் அதே இடத்தில் பேசினார். இன்னொரு முறை அழுத்தினேன். மூன்றாவதாக ஒரு மொழி. ஒரு பெண் பேசினாள். என்ன மொழி என்று எனக்குத் தெரியவில்லை. படபடவென்று பேசுகிற மொழி. மற்ற இருவரும் இழுத்து இழுத்துச் சொன்னதை அவள் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டாள். முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

அந்த மூச்சு வாங்கிய இடத்தில் மாமா பேசினார்.

“செவல, போதும் வா. வூட்டுக்குப் போலாம்.”

எங்கோ ஒரு நாட்டில், கண்ணாடி அறைக்குள் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து, தாளைப் பார்த்துப் படித்த ஒரு பெண். அவளுக்கு நம் மலை தெரியாது. உங்களைத் தெரியாது. அவளுடைய மொழியில் அந்த வாக்கியம் கொஞ்சம் குட்டையாக முடிந்தது. அந்த இடைவெளியில் மாமாவின் குரல் முழுதாக இருந்தது. அதைவிட வட்டை நினைத்தால் இன்னும் நம்ப முடியவில்லை. அந்தப் பளபளப்பில் கண்ணுக்கே தெரியாத பள்ளங்கள், சாமை உமியின் தூசியைவிடச் சின்னவை. அவற்றின் மேல் ஒரு சிவப்பு ஒளி ஓடுகிறது. ஒளி ஓட ஓட, மண்ணுக்குள் போன மனிதர் வீட்டுக்குப் போகலாம் வா என்கிறார். எத்தனை பெட்டியைப் பிரித்து மாட்டியவன் நான். எனக்கே அது அதிசயமாக இருந்தது.

ஊர் மொத்தமும் உங்களைப் பார்த்தது. நீங்கள் அழவில்லை. அடுப்படியில் வேலையாக இருக்கிறவர் வாசலில் கூப்பிடுகிற ஆளுக்குச் சொல்வதைப் போல, டிவியைப் பார்த்துச் சொன்னீர்கள்.

“இரு, வர்றேன்.”

பிறகு என்னிடம், “போதும், நிறுத்திடு. கேட்டுட்டேன்” என்றீர்கள். வட்டை எடுத்து மறுபடி மஞ்சள் துணியில் சுற்றினீர்கள். பக்கத்து வீட்டில் கோழி அடித்தார்கள்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, மாமாவின் திதி அன்று மட்டும், என்னை அந்தப் பெட்டியோடு வரச் சொல்வீர்கள். அந்த ஓர் இடம் மட்டும் போடுவோம். அவர் கூப்பிடுவார், நீங்கள் பதில் சொல்வீர்கள். பிறகு நமக்குள் சண்டை. மண்டலத்தால் ஓடியது என்பீர்கள், பெட்டியால் என்பேன். சண்டை முடிந்தால் அந்தக் கேள்வி: “ஆனா இன்னாத்துக்குத் தம்பி பூட்டி வெச்சாங்க?”

இப்போது கேளுங்கள்.

சினிமா பெரிய ரீல்களில் ஓடிய காலம் அது. ஒவ்வொரு பிரதி போடவும் நிறையச் செலவு. அதனால் படம் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் வராது. முதலில் அமெரிக்காவில் ஓடும். மாதக்கணக்கில் கழித்துத்தான் மற்ற நாடுகளுக்கு வரும். அதே ரீல்கள்கூடக் கப்பல் ஏறி வரும். நீங்கள் சொன்ன சைக்கிள்காரர் கதைதான், சைக்கிளுக்குப் பதில் கப்பல். அதற்குள் அமெரிக்காவில் வட்டு கடைக்கு வந்துவிடும். அந்த வட்டு இங்கே வந்து ஓடினால் கொட்டகைக்கு யார் போவார்கள்? அதோடு, ஒவ்வொரு நாட்டிலும் படத்தை விற்கும் உரிமை ஒவ்வொருவர் கையில். ஒரு நாட்டில் விலை குறைவு, இன்னொன்றில் அதிகம். ஒருவர் சரக்கு இன்னொருவர் ஊருக்குள் வரக்கூடாது. அதனால் உலகத்தை ஆறாக வெட்டினார்கள். அமெரிக்காவும் கனடாவும் ஒன்று. ஐரோப்பாவும் ஜப்பானும் இரண்டு. இப்படியே போய், நம்மை ஆப்பிரிக்கா, ரஷ்யாவோடு சேர்த்து ஐந்தில் வைத்தார்கள். சீனாவுக்குத் தனியாக ஆறு. ஆகாய விமானத்துக்கும் கப்பலுக்கும்கூட ஓர் எண் வைத்திருக்கிறார்கள், அக்கா. தரையிலேயே இல்லாத இடத்துக்கும் ஒரு மண்டலம். இதைப் படித்தபோது கோபத்தையும் மறந்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பெரிய பூமியை, ஒரு தட்டு அகலமுள்ள வட்டில் ஒரு சின்னக் குறிக்குள் மடித்து வைத்த மூளை எப்படிப்பட்டது!

ஆனால் கோபம் திரும்பி வந்தது. மாமா இருந்த அந்தப் படம் ஆலங்காயத்துக்கோ திருவண்ணாமலைக்கோ எந்தக் கொட்டகைக்கும் வரப்போவதில்லை. வரவே வராத ஒன்றுக்காக நம்மை வரிசையில் நிற்க வைத்தார்கள். இப்போது ரீலும் இல்லை, கப்பலும் இல்லை, வட்டு விற்கிற கடையும் இல்லை. ஆனாலும் முந்தாநாள் டீக்கடையில் அந்த வரி வந்தது. உரிமையை இன்னும் நாடு நாடாகத்தான் விற்கிறார்களாம். இதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். நம் மலையை நம் மலைக்குக் காட்ட யார் அனுமதி கொடுக்க வேண்டும்?

இதெல்லாம் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பூட்டு இடத்துக்காகப் போட்டது என்று நான் இத்தனை வருஷம் சொல்லிவந்தேன். அது காத்திருப்பதற்காகப் போட்ட பூட்டு. உன் நாள் இன்னும் வரவில்லை, அதுவரை பொறுத்திரு என்பதுதான் அந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு உள்ளே இருந்த சேதி. இடத்தைச் சொல்வது போல நாளைச் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலீஷ்காரர்களுக்கு அதற்கு இரண்டு சொல் வேண்டும். நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கிறது, அதற்குள் இடமும் இருக்கிறது, நாளும் இருக்கிறது. நான் பாதியைப் பிடித்துக்கொண்டேன், நீங்கள் மீதியைப் பிடித்துக்கொண்டீர்கள்.

ஆக, மண்டலம் என்று நீங்கள் புரிந்துகொண்டது சரிதான், அக்கா. ஆனால் படம் ஓடியது என் பெட்டியால்தான். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

நீங்கள் போன அன்று மலைக்கு வந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வட்டோடு இந்தத் துணியை என் கையில் கொடுத்தாள். “அண்ணா, இத்த உங்ககிட்டதான் குடுக்கச் சொல்லுச்சி அத்த. பேரில்லாத பொட்டியிலதான் போடணுமாம்” என்றாள். எந்தப் பெட்டி என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். மண்டலம் முடிந்தால் போதும் என்றால் பெட்டி எதற்கு? யோசித்துப் பாருங்கள்.

முந்தாநாள் டீக்கடையிலிருந்து திரும்பியதும் அந்தப் பெட்டியைத் துடைத்துச் செருகினேன். தட்டு அதே சத்தத்தோடு வந்தது. மூன்றாவது மொழியை வைத்தேன். அந்தப் பெண் படபடவென்று பேசி முடித்து மூச்சு வாங்கினாள். மாமா கூப்பிட்டார்.

“செவல, போதும் வா. வூட்டுக்குப் போலாம்.”

நான் பதில் சொல்லவில்லை. அது என்னுடைய பதில் இல்லை. அவர் சொல்லி முடித்ததும், அந்தப் பெண் மறுபடி பேச வாயெடுப்பதற்குள், படத்தை அப்படியே நிறுத்தினேன். திரையில் மாமா கோலை உயர்த்தியபடி நின்றுகொண்டிருந்தார். நீங்கள் பதில் சொல்கிற அளவு நேரம் விட்டுவிட்டு, பிறகு ஓடவிட்டேன்.